துப்பாக்கி கேட்கும் பயம்

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் நடந்த கலவரங்களில் 900 பேர் செத்தார்கள். அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1998-இல் வெளியான அந்த அறிக்கை, யார் குற்றவாளி என்று சொன்னதற்காகத்தான் இன்றுவரை பேசப்படுகிறது. இந்தக் கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 356 பேர். கத்திக்குத்தில் 347. தீவைப்பில் 91. கும்பல் தாக்கி 80. தனியார் துப்பாக்கிச் சூட்டில் 22. மற்ற காரணங்களால் 4.

கடைசிக்கு முந்தைய எண்ணைக் கவனியுங்கள். கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் வாழ்ந்த நகரம் வெறிபிடித்து அலைந்த நாட்களில், தனி மனிதர்களின் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் 22 பேர்தான். இதற்குக் காரணம் யாருடைய கருணையும் இல்லை. சுடுவதற்குத் துப்பாக்கி இல்லை, அவ்வளவுதான். கத்தி, வாள், சோடா பாட்டில், மண்ணெண்ணெய் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கையில் கிடைத்தது துப்பாக்கியாக இருந்திருந்தால் அந்தப் பட்டியலின் மொத்தம் 900-த்தோடு நின்றிருக்குமா?

இந்தப் பழைய கணக்கை இப்போது தூசி தட்டுவதற்குக் காரணம் உண்டு. 2025 மே மாதக் கடைசியில் அசாம் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. துப்ரி, பார்பேட்டா, நகாவ்ன் போன்ற மாவட்டங்களில் எளிதில் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இடங்களில் வாழும் பூர்வீக மக்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தாராளமாக வழங்கப்படும் என்றது அந்த முடிவு. தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளட்டும் என்பது வாதம். முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மா இதைத் துணிச்சலான முடிவாக அறிவித்தார். எதிர்க்கட்சிகள் கூச்சல் போட்டன. ஆனால் டீக்கடை பெஞ்சிலும் மின்சார ரயிலிலும் கேட்டால், "இதில் என்ன தப்பு? திருடனிடம் துப்பாக்கி இருக்கிறது, ரவுடியிடம் இருக்கிறது, நம்மிடம் மட்டும் இருக்கக் கூடாதா?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மும்பையிலும் இருக்கிறார்கள். மிரட்டல் போன் வந்த வியாபாரியும் பில்டரும் முதலில் விசாரிப்பது லைசென்ஸைப் பற்றித்தான்.

கேள்வி நியாயமானது. அதைக் கேட்பவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் பட்டியலில் மகாத்மா காந்தியே இருக்கிறார்.

பிரிட்டிஷ்காரன் இந்த நாட்டு மக்களின் ஆயுதங்களைப் பறித்தது அவர்களின் நன்மைக்காக இல்லை. 1801-இல் பாளையக்காரர்களை அடக்கிய கையோடு தென் சீமையில் கோட்டைகளை இடித்து, ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது கம்பெனி. 1857-ஐப் பார்த்த பிறகு அந்தப் பயம் இன்னும் பெரிதாகி, 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டமாக வந்தது. ஐரோப்பியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்; இந்தியன் கூடாது. ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணி ஆக்கிய சட்டம் என்று காந்தி 1918-இல் அதைக் கடுமையாகச் சாடினார். 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஓர் உரிமையாக இடம்பெற்றது.

அப்படியானால் அரசியல் சாசனத்தில் அது ஏன் இல்லை? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதே கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டி, அந்த உரிமையைச் சேர்க்கச் சொன்னார். அம்பேத்கர் மறுத்தார். எல்லோருக்கும் அடிப்படை உரிமை என்று எழுதிவிட்டால் கொலைகாரனும் கொள்ளைக்காரனும் அதே உரிமையைக் கோரி வந்து நிற்பான், அரசு கைகட்டி நிற்க வேண்டும் என்பது அவர் பதிலின் சாரம். நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவது குடிமகனின் கடமையாக இருக்கலாம், தன் இஷ்டத்துக்கு ஆயுதம் வைத்துக்கொள்வது உரிமையாக முடியாது என்றார். சாதி இந்துக்களின் தடிக்கும் அரிவாளுக்கும் முன்னால் நிராயுதபாணியாக நிற்பது என்றால் என்ன என்று அந்தச் சபையில் இருந்தவர்களில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்தான் மறுத்தார். கடைசியில் சாசனத்தின் 19-ஆவது பிரிவில் ஆயுதம் பற்றி ஒரே ஒரு இடத்தில்தான் பேச்சு வருகிறது: அமைதியாகவும் ஆயுதம் இல்லாமலும் கூடலாம் என்று.

1959-இல் சுதந்திர இந்தியா தன் சொந்த ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி துப்பாக்கி என்பது அரசு கொடுக்கிற சலுகை. மும்பை மாதிரி ஊரில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். என்ன ஆபத்து என்று சொல்ல வேண்டும். போலீஸ் விசாரிக்கும். பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வசதி உண்டு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை ஒன்றாகக் குறைக்க 2019-இல் மசோதா வந்தது. எம்.பி.க்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே, கடைசியில் இரண்டு என்று ஆனது. கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு யாருக்காவது ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருடம் வரை சிறை என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்தது.

இப்போது பம்பாய்க்குத் திரும்புவோம். அந்த ஊரில் லைசென்ஸ் யார் கையில் இருக்கிறது, அது என்ன செய்தது என்று பார்த்தால் வாதம் தெளிவாகும்.

மிகப் பிரபலமான வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1993 ஜனவரியில், கலவரம் எரிந்துகொண்டிருந்தபோது, நடிகர் சஞ்சய் தத் ஒரு ஏ.கே.-56 துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். குடும்பத்துக்கு மிரட்டல் வந்தது, தற்காப்புக்காக வாங்கினேன் என்பது அவர் சொன்ன காரணம். அந்த மிரட்டல் கற்பனை இல்லை. அவருடைய தந்தை சுனில் தத் எம்.பி.; கலவரத்தில் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்கு உதவப் போனதற்காகவே வசைபாடப்பட்டவர். ஆனால் அந்த ஏ.கே.-56 வந்தது, மார்ச் 12 குண்டு வெடிப்புகளில் 257 பேரைக் கொன்ற கும்பலின் கைகளிலிருந்து. சதியில் பங்கு இல்லை என்று தடா வழக்கிலிருந்து அவரை விடுவித்த நீதிமன்றம், ஆயுதச் சட்டத்தின் கீழ் தண்டித்தது. 2013-இல் சுப்ரீம் கோர்ட் 5 வருடம் என்று உறுதி செய்தது. 2016 பிப்ரவரியில் வெளியே வந்தார்.

இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விட்ட ஒரு விவரம் இருக்கிறது. ஏ.கே.-56 வாங்கிய அன்று அவரிடம் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள மூன்று துப்பாக்கிகள் இருந்தன. சட்டம் அன்று அனுமதித்த உச்சவரம்பு அது. மூன்றும் போதவில்லை. பயம் வந்துவிட்டால் மூன்று துப்பாக்கி இருக்கிறவன் நான்காவதைத் தேடுவான். ரிவால்வர் இருக்கிறவன் எந்திரத் துப்பாக்கியைத் தேடுவான். எதிரியின் கையில் இருப்பது எப்போதும் தன்னுடையதைவிடப் பெரிதாகத்தான் தெரியும்.

சமீபக் கதைகளைப் பார்ப்போம். 2024 பிப்ரவரி 2-ஆம் தேதி, மும்பைக்குப் பக்கத்தில் உல்லாஸ்நகரில், ஒரு போலீஸ் நிலையத்துக்குள், அதுவும் இன்ஸ்பெக்டர் அறையிலேயே, பா.ஜ.க. எம்.எல்.ஏ. கண்பத் கெய்க்வாட் தன் லைசென்ஸ் துப்பாக்கியால் கூட்டணிக் கட்சிப் பிரமுகரைச் சுட்டார் என்று வழக்கு. நிலத் தகராறு. ஆறு நாள் கழித்து தஹிசரில் முன்னாள் கவுன்சிலர் அபிஷேக் கோசால்கர் பேஸ்புக் நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். சுட்டவரும் தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தார். அந்தத் துப்பாக்கி, சுட்டவரின் மெய்க்காவலர் பெயரில் லைசென்ஸ் உள்ளது. அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி விடியற்காலையில் நடிகர் கோவிந்தாவின் லைசென்ஸ் ரிவால்வர், அலமாரியில் வைக்கும்போது கை தவறி விழுந்து, அவர் காலிலேயே சுட்டது.

மூன்றும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகள். மூன்றும் தற்காப்புக்கு என்று கொடுக்கப்பட்டவை. மூன்றில் ஒன்றுகூட வெளியிலிருந்து வந்த எதிரியைப் பார்த்துச் சுடவில்லை.

உண்மையான எதிரி வந்தபோது என்ன நடந்தது? சல்மான் கானுக்கு மிரட்டல் கடிதம் வந்து, 2022-இல் லைசென்ஸ் கொடுக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 14 விடியுமுன் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் பாந்த்ராவில் அவர் வீட்டைப் பார்த்துச் சுட்டுவிட்டு மறைந்தார்கள். உள்ளே தூங்குகிறவரின் துப்பாக்கி அதற்கு என்ன பதில் சொல்லும்? அக்டோபர் 12-ஆம் தேதி முன்னாள் மந்திரி பாபா சித்திக் அதே பாந்த்ராவில் தெருவில் வைத்துக் கொல்லப்பட்டார். அவருக்குப் போலீஸ் பாதுகாப்பே இருந்தது. சுட வருகிறவன் நேரத்தையும் இடத்தையும் அவனே தேர்ந்தெடுக்கிறான். அவனைத் தடுக்க வேண்டுமானால் அவன் கைக்குத் துப்பாக்கி வருவதற்கு முன்னால் தடுக்க வேண்டும். அது உளவு பார்க்கிற, கள்ளத் துப்பாக்கி வரும் பாதையை அடைக்கிற போலீஸ் வேலை. தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை.

பணமும் பெயரும் இருக்கிறவர்களின் கதை இது. தாராவிக்காரனுக்கு என்ன வழி?

சுமார் இரண்டு சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் இடம் தாராவி. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர், ஆறு பேர். தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் கொடுப்பார்கள். அங்கே துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பது? சுட்டால் குண்டு எத்தனை சுவரைத் துளைத்துக்கொண்டு யார் வீட்டுத் தொட்டிலில் போய் நிற்கும்? விலையை விட்டுவிடுவோம், பயிற்சி, போலீஸ் விசாரணை, அலுவலகத்துக்கு நடையாய் நடப்பது இதையெல்லாம் தாண்டி 90 அடி ரோட்டிலிருந்து எத்தனை பேர் லைசென்ஸ் வாங்க முடியும்? தாராளமாக லைசென்ஸ் என்று அரசு அறிவித்தாலும், அது போய்ச் சேருவது ஏற்கெனவே பலம் உள்ளவன் கைக்குத்தான்.

தாராவி அந்தக் கலவரத்தை நன்றாகவே பார்த்தது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6-ஆம் தேதியே அங்கே சிவசேனைக்காரர்கள் சைக்கிள் ஊர்வலம் நடத்திக் கொண்டாடினார்கள் என்று ஸ்ரீகிருஷ்ணா அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அதன் பிறகு தாராவியில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. தமிழ் இந்து, தமிழ் முஸ்லிம், உத்தரப் பிரதேசத்துக்காரர், மராட்டியர், குஜராத்திக் குயவர் என்று ஒரே சந்தில் எல்லோரும் எல்லோருக்கும் பயந்த நாட்கள். அந்த ஜனவரி இரவுகளில் ஒவ்வொரு சந்திலும் நான்கு துப்பாக்கி இருந்திருந்தால், முதல் தவறான சத்தத்துக்கே சுட்டிருப்பார்கள். மறுநாள் காலையில் பேசித் தீர்க்க ஆள் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

இந்தப் பயத்தைப் பற்றிப் பம்பாய்த் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1966-இல் பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கியபோது முதல் குறி தென்னிந்தியர்கள்தான். மாதுங்காவில் இருந்து கோட்டைப் பகுதி ஆபீஸுக்குப் போன ஸ்டெனோவும், செம்பூர்க் குமாஸ்தாவும், உடுப்பி ஓட்டல்காரரும், தாராவியில் தோல் பதனிட வந்த திருநெல்வேலிக்காரரும் ஒரே வசவைத்தான் கேட்டார்கள். மாதுங்காவும் செம்பூரும் சங்கம், சபா, தெரிந்த அதிகாரி, பத்திரிகைக்குக் கடிதம் என்று ஒருமாதிரி சமாளித்தன. தாராவிக்கு அந்த வசதி இல்லை. அதற்குக் கிடைத்தவர் வரதராஜ முதலியார்.

விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கிக் கள்ளச்சாராயத்தில் பெரிய ஆளான அந்த மனிதரைத் தமிழர்கள் ஏன் தெய்வம் மாதிரிப் பார்த்தார்கள் என்பது பம்பாய்க்கு வெளியே பலருக்குப் புரியாது. போலீஸ் நிலையத்துக்குப் போனால் அலைக்கழிப்பு. அவரிடம் போனால் அன்றைக்கே தீர்ப்பு. மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் அவர் வைத்த விநாயகர் பந்தலுக்கு ஊரே வந்தது. 1987-இல் வந்த 'நாயகன்' படத்துக்கு அவர் வாழ்க்கைதான் தூண்டுதல். ஆனால் படம் பார்த்து வருகிற பெருமிதத்தில் ஒன்றை மறந்துவிடுகிறோம். அவருடைய சாராயத்தைக் குடித்து வாழ்க்கையைத் தொலைத்ததும், அவருடைய ஆட்களுக்குப் பயந்து வாழ்ந்ததும் அதே தமிழர்கள்தான். போலீஸ் வராத இடத்துக்கு யாராவது வரத்தான் செய்வார்கள். வருகிறவர் வாடகையும் வசூலிப்பார்.

எண்பதுகளில் போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவார் நெருக்க, வரதராஜன் சென்னைக்குப் போய், 1988-இல் அங்கேயே இறந்தார். அதற்குள் பம்பாயின் தாதாக்கள் சாப்பரையும் ராம்புரிக் கத்தியையும் விட்டுத் துப்பாக்கிக்கு மாறியிருந்தார்கள். 1981-இல் தாவூத் இப்ராஹிமின் அண்ணன் சபீர் பிரபாதேவி பெட்ரோல் பங்கில் சுட்டுக் கொல்லப்பட்டது ஒரு திருப்பம். செம்பூர் திலக் நகரில் சினிமா டிக்கெட்டைப் பிளாக்கில் விற்றுக்கொண்டிருந்த சோட்டா ராஜன் அடுத்த தலைமுறை. 1997-இல் மட்டும் ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த், ஆகஸ்டில் கேசட் அதிபர் குல்ஷன் குமார் என்று பட்டப்பகலில் கொலைகள். கத்திக்குக் கிட்டே போக வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும். தப்பிக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். துப்பாக்கி அந்த வாய்ப்பை எடுத்துவிட்டது. ஊரில் துப்பாக்கி அதிகமானால் என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஆராய்ச்சி தேவையில்லை. பம்பாய் அதைப் பத்திருபது வருடம் வாழ்ந்து பார்த்துவிட்டது.

எதிர்வாதங்களையும் சொல்லிவிடுவது நியாயம். முதலாவது, குடகு. அங்கே கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்து லைசென்ஸே தேவையில்லை. 2019-இல் மத்திய அரசு அந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக ஹைகோர்ட்டும் 2021-இல் அது செல்லும் என்றது. குடகு ஒன்றும் ரத்தக்களறியாகிவிடவில்லையே என்று கேட்கலாம். ஆகவில்லைதான். அங்கே துப்பாக்கி, குடும்பத்தோடும் நிலத்தோடும் பண்டிகையோடும் சேர்ந்தது. யார் வீட்டில் என்ன துப்பாக்கி என்று ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரன்மேல் உள்ள பயத்தில் வாங்கியது இல்லை. அசாமில் கொடுப்பதாகச் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரன் இன்னான் என்று அடையாளம் காட்டிவிட்டுக் கொடுக்கிற துப்பாக்கி.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில், தேவைப்பட்டால் அவர்களுக்கு ஆயுத லைசென்ஸ் கொடுக்கலாம் என்றே இருக்கிறது. அரசே ஒப்புக்கொண்ட தற்காப்பு உரிமை இது. ஆனால் அந்த விதி எழுதப்பட்டிருக்கும் வரிசையைப் பாருங்கள். முதலில், வன்கொடுமை நடக்கும் பகுதியை அடையாளம் காண். பிறகு, அங்கே மற்றவர்கள் வைத்திருக்கும் லைசென்ஸை ரத்து செய்து துப்பாக்கிகளை அரசுக் கிடங்கில் சேர். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய். இதற்கெல்லாம் பிறகுதான் பலவீனமானவனுக்கு லைசென்ஸ். பலசாலியின் கையிலிருந்து எடுப்பதுதான் முதல் வேலை என்று அந்த விதியை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் மாவட்ட நிர்வாகங்கள் அந்த முதல் வேலையைச் செய்தாலே இரண்டாவதுக்கு அவசியம் வராது.

அரசே மக்களுக்கு ஆயுதம் கொடுத்த கதைகளும் நம்மிடம் உண்டு. சத்தீஸ்கரில் நக்சலைட்டுகளை எதிர்க்க, அதிகம் படிக்காத ஆதிவாசி இளைஞர்களைச் சிறப்புப் போலீஸ் அதிகாரிகள் என்று சொல்லி, துப்பாக்கி கொடுத்து, சல்வா ஜுடும் பக்கம் நிறுத்தினார்கள். அரசு தன் கடமையை இவர்கள் தலையில் கட்டக் கூடாது, இது சாசனத்துக்கு விரோதம் என்று 2011 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மணிப்பூரில் யாரும் கொடுக்கவில்லை. 2023-இல் போலீஸ் ஆயுதக் கிடங்குகளை மக்களே சூறையாடினார்கள். ஆயிரக்கணக்கில் போன துப்பாக்கிகளைத் திரும்ப வாங்க அரசு வருடக்கணக்கில் கெஞ்ச வேண்டி வந்தது. துப்பாக்கியை ஊருக்குள் அனுப்புவது சுலபம்.

அமெரிக்காவை உதாரணம் காட்டாமல் இந்த விவாதம் முடிவதில்லை. அங்கே ஆயுதம் அரசியல் சாசன உரிமை. 2017-இல் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே மதிப்பிட்டபடி அங்கே 100 பேருக்கு 120 துப்பாக்கிகள்; நம் நாட்டில் 100 பேருக்கு 5. பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குப் பாடத்தோடு பெஞ்சுக்கடியில் ஒளியவும் கற்றுக்கொடுக்கிற தேசம் அது. ஆஸ்திரேலியாவோ 1996-இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றதும், சில மாதங்களில் சட்டத்தை மாற்றி, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து காசு கொடுத்து வாங்கி உருக்கியது. அதைச் செய்த பிரதமர் ஜான் ஹோவர்ட் இடதுசாரி இல்லை, பழமைவாதி. நமக்கு வாங்கி உருக்க வேண்டிய மலை இன்னும் சேரவில்லை. சேர்த்துக்கொள்ளாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் நம்மிடம் உள்ள துப்பாக்கிகளில் பெரும்பகுதி கள்ளத் துப்பாக்கி. அதே மதிப்பீட்டின்படி, நாட்டில் மக்கள் கையிலிருக்கும் சுமார் 7 கோடித் துப்பாக்கிகளில் பதிவு செய்யப்பட்டவை ஒரு கோடிக்கும் குறைவு. பீகாரின் முங்கேரிலும் உத்தரப் பிரதேசத்திலும் குடிசைத் தொழிலாகச் செய்த கட்டாக்கள் ரயிலேறி மும்பைக்கு வருவது ஊரறிந்த விஷயம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளின் பெருக்கத்தைப் பார்த்துக் கவலைப்பட்ட சுப்ரீம் கோர்ட் 2023 பிப்ரவரியில் தானாகவே இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டது. புதிதாக லைசென்ஸ் கொடுக்கத் துடிக்கும் அரசுகள் இந்தப் பக்கம் அதே துடிப்பைக் காட்டினால் நல்லது.

இத்தனையும் சொன்ன பிறகு, ஆரம்பத்தில் சொன்ன பட்டியலின் முதல் வரிக்கு வந்தாக வேண்டும். தனியார் துப்பாக்கிக்கு 22 பேர். போலீஸ் துப்பாக்கிக்கு 356 பேர். துப்பாக்கி அரசிடம் மட்டும் இருக்கட்டும் என்று வாதிடுகிறவர்கள் இந்த 356-ஐ மறைத்துவிட்டுப் பேசினால், முஸ்லிம் மொகல்லாக்களில் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம். எல்லாச் சூடும் அநியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் போலீஸில் பாரபட்சம் இருந்தது என்று கமிஷன் விளக்கமாகச் சொன்னது. 31 போலீஸ்காரர்களின் பெயரைக் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டியது. அவர்களில் பெரும்பாலோர் பென்ஷன் வாங்கும்வரை பத்திரமாகவே இருந்தார்கள். மக்களைக் காக்க அரசு தவறியது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2022 நவம்பரில். முப்பது வருடம் கழித்து. 2006-இல் லக்கன் பையா என்பவரைப் போலி என்கவுன்டரில் கொன்ற வழக்கில் போலீஸ் அதிகாரி பிரதீப் சர்மாவுக்கு பம்பாய் ஹைகோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது 2024 மார்ச்சில். 2023 ஜூலையில் ஜெய்ப்பூரிலிருந்து மும்பை வந்துகொண்டிருந்த ரயிலில், பயணிகளைக் காக்க வேண்டிய ரயில்வே போலீஸ்காரர் ஒருவரே தன் மேலதிகாரியையும் மூன்று முஸ்லிம் பயணிகளையும் சுட்டதாக வழக்கு. அரசுத் துப்பாக்கி, அரசு குண்டு.

குடிமகன் துப்பாக்கி வைத்துக்கொள்ளாமல் இருப்பது ஓர் ஒப்பந்தம். நான் ஆயுதத்தைக் கீழே வைக்கிறேன், நீ என்னைக் காப்பாற்று என்கிறான் அவன். காப்பாற்றாதது மட்டுமின்றி அந்த ஆயுதத்தை அவன்மேலேயே திருப்பினால், ஒப்பந்தத்தை மீறியது அரசு. அதற்குப் பரிகாரம் அவன் கையிலும் ஒன்றைத் திணிப்பது ஆகாது. சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் போலீஸைக் கணக்குக் கேட்பது. தப்பாகச் சுட்டவனைத் தண்டிப்பது. கூப்பிட்ட நேரத்துக்கு, எந்த மதத்துக்காரன் கூப்பிட்டாலும், ஸ்டேஷனிலிருந்து ஆள் வரச் செய்வது. இதைவிடக் குறுக்கு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

முடியாத காரியமும் இல்லை. கலவரத்துக்குப் பிறகு மும்பையில் சதீஷ் சஹானி போலீஸ் கமிஷனராக இருந்தபோது, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஜூலியோ ரிபைரோ, சுஷோபா பார்வே போன்றவர்கள் சேர்ந்து மொகல்லா கமிட்டிகளை உருவாக்கினார்கள். இரண்டு மதத்துக்காரர்களும் உள்ளூர் ஸ்டேஷன் அதிகாரியும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவது, வதந்தி கிளம்பினால் உடனே விசாரிப்பது, பண்டிகைக்குப் பண்டிகை சேர்ந்து காவல் நிற்பது. இதற்கு ஆன செலவு டீயும் பிஸ்கட்டும். தாராவியில் பழைய பகையை ஆற்றியதில் இந்த மாதிரி வேலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1992-93 அளவுக்கு ஒரு மதக் கலவரத்தை மும்பை அதன் பிறகு பார்க்கவில்லை. யாருக்கும் துப்பாக்கி விநியோகித்து அது சாத்தியமாகவில்லை.

அசாமில் லைசென்ஸ் கேட்டு மனுப் போடுகிறவரும், 1993 ஜனவரியில் தாராவிச் சந்தில் தடியோடு விழித்திருந்தவரும் உண்மையில் கேட்டது ஒன்றுதான்: கூப்பிட்டால் வருகிற, வந்தால் நியாயமாக நடக்கிற போலீஸ். அதைக் கொடுக்க முடியாத அரசு துப்பாக்கி கொடுக்க முன்வந்தால், தன் கடமையைக் கைகழுவுகிறது என்றுதான் அர்த்தம். அதற்கு நன்றி சொல்ல ஒன்றும் இல்லை.